ஆரஞ்சுத் தோலும் 600 டாலர் நிலமும்

10 ஏக்கர் நிலம். அதில் சின்னக் குடிசை, காற்றாலை, கோழிக்கூடு, பன்றித் தொழுவம். செர்ரி, ஆப்பிள், பீச் மரங்கள். குதிரைமசால் விதைக்க இடம் உண்டு, பாய்ச்சத் தண்ணீரும் தாராளம். விலை 600 டாலர். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான வயதான தம்பதி கையில் சல்லிக்காசு இல்லாமல் நிற்கிறார்கள். கிழவிக்கு அறுவைச் சிகிச்சை வேறு நடந்தாக வேண்டும். அதனால்தான் அந்த விலைக்குப் படியும் என்கிறான் ஜார்ஜ்.

ஜான் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலைப் படித்தவர்களுக்கு முயல்கள் மறந்திருக்காது. அந்த நிலத்தில் முயல் வளர்க்கலாம், அவற்றுக்குத் தீனி வைப்பது தன் வேலை என்று ஜார்ஜின் கூட்டாளி லென்னி திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்வான். 600 டாலரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த நூலின் உயிரே அந்தத் தொகையில்தான் இருக்கிறது என்பேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் சோலெடாட் ஊருக்குப் பக்கத்துப் பண்ணை. கூலி மாதம் 50 டாலர். சாப்பாடும் படுக்கையும் பண்ணையிலேயே. ஆக, 600 டாலர் என்பது ஓர் ஆளின் 12 மாதக் கூலி. இருவர் சேர்ந்தால் ஆறு மாதம். ஆறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்துவிட முடியாதா என்று தோன்றும். ஏன் முடியாது என்பதையும் ஸ்டைன்பெக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். இந்த ஆட்களுக்கு ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை நிலைப்பதில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகிறார்கள். ஜார்ஜும் லென்னியும் முந்தைய ஊரில் வேலையைப் பாதியில் விட்டு உயிர்பிழைக்க ஓடி வந்தவர்கள். இருவரிடமும் சேர்த்து 10 டாலர் இருக்கிறது. கூலி கைக்கு வந்ததும் பக்கத்து ஊரின் விலைமாதர் விடுதி காத்திருக்கிறது, அங்கே 2.50 டாலர், குடித்தால் அதற்குத் தனி. குடும்பம் இல்லாத, அடுத்த மாதம் எந்த ஊர் என்று தெரியாத ஆளுக்குப் போக வேறு இடமும் இல்லை.

இந்த நிலையில்தான் கேண்டி பேச்சில் சேர்கிறார். பண்ணையில் கூட்டிப் பெருக்கும் கிழவர், ஒரு கையை இழந்தவர். கை போனதற்குக் கொடுத்த நஷ்டஈடு 250 டாலர். சேமிப்பு 50. மாதக் கடைசியில் வரவேண்டியது 50. மொத்தம் 350 டாலரையும் போட்டுவிடுகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் ஒரு காசு செலவழிக்காமல் உழைத்தால் 100. சேர்த்தால் 450. மீதியை ஜார்ஜ் வேலை பார்த்து அடைத்துவிடலாம். முன்பணமாக 100 டாலர் அனுப்பி நிலத்தைப் பிடித்து வைப்பது வரைக்கும் பேச்சு போய்விடுகிறது. இந்தக் கனவுக்கு முதல் போட்டது கூலி உழைப்பு இல்லை, ஒரு கிழவரின் போன கை. ஸ்டைன்பெக் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. தொகைகளை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இது நடப்பது வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிறு பிற்பகலில் எல்லாம் முடிந்துவிடுகிறது. லென்னியின் பிடியில் முதலாளி மகனின் மனைவி இறந்து கிடக்கிறாள். கேண்டி அந்த உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஜார்ஜிடம் கேட்கிறார்: நீயும் நானுமாவது அந்த இடத்தை வாங்கலாம் இல்லையா?

அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி கூட்டிப் பாருங்கள். கேண்டியின் 350 அப்படியே இருக்கிறது. ஜார்ஜின் 50 வரப்போகிறது. குறைவது லென்னியின் 50 டாலர் மட்டும். நிலம் இன்னும் விலைக்கு இருக்கிறது. பணக்கணக்கின்படி கனவு சாகவே இல்லை. ஆனால் ஜார்ஜ் வேண்டாம் என்றுவிடுகிறான். ஆரம்பத்திலிருந்தே இது நடக்காது என்று தெரியும். லென்னிக்கு அதைக் கேட்கப் பிடிக்கும், அதனால் எனக்கும் நடந்துவிடுமோ என்று தோன்ற ஆரம்பித்தது என்கிறான். மாதம் முழுக்க வேலை செய்வேன், 50 டாலரை வாங்குவேன், விடுதிக்குப் போய்ச் செலவழிப்பேன் என்கிறான். கைக்கெட்டியது வாய்க்கு எட்டவில்லை என்போமே, இது அதுவும் இல்லை. கைக்கெட்டியதை அவன் கீழே வைத்துவிடுகிறான்.

அமெரிக்கக் கனவு ஓர் எட்டாக்கனி என்பதுதான் இந்த வகை நாவல்களைப் பற்றிக் கல்லூரிக் குறிப்பேடுகளில் இருக்கும் வாக்கியம். ஏணியின் நீளம் எவ்வளவு, கனி தொங்கும் உயரம் எவ்வளவு என்று அந்தக் குறிப்பேடுகள் கேட்பதில்லை. நாவலாசிரியர்களோ அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைக் கேட்டவர்கள்போல, கனவைக்கூட டாலரும் சென்ட்டுமாக அளந்து போட்டிருக்கிறார்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தால் இந்தக் கதைகள் இரண்டு வகையாகப் பிரிவது தெரியும். முதல் வகையில் கணக்கு ஒருபோதும் நேராகாது. அது நேராகாதபடி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வகையில் கணக்கு நேராகிவிடும், அல்லது நேராகும் வழி திறந்துவிடும். கனவு கண்டவன்தான் அதை ஏற்க மாட்டான். பெரிய படைப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

'அமெரிக்கக் கனவு' என்ற சொற்றொடரைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். அது வந்தது 'தி எபிக் ஆஃப் அமெரிக்கா' என்ற நூலில், 1931இல், பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தபோது. நூலுக்கே 'அமெரிக்கக் கனவு' என்று பெயர் வைக்க விரும்பினார். கனவுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று பதிப்பகம் மறுத்துவிட்டது. காரும் கூடுதல் சம்பளமும் மட்டுமே அல்ல தான் சொல்வது, பிறப்பைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் தன் முழு உயரத்துக்கு வளர இடம் தரும் சமூகம் என்று ஆடம்ஸ் தெளிவாகவே எழுதினார். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் வெளிவந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1925 ஏப்ரல் 10 அன்று. பெயர் பரவுவதற்கு முன்பே அந்தக் கனவு உடைவதை நாவல் எழுதிவிட்டது.

உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கைக்கு இலக்கியச் சாட்சியாகக் காட்டப்படுபவர் ஹொரேஷியோ ஆல்ஜர். 1868இல் நூலாக வந்த 'ராகிட் டிக்' நியூயார்க் தெருவில் காலணிக்குப் பாலிஷ் போடும் 14 வயதுச் சிறுவனின் கதை. டிக் படிக்கக் கற்றுக்கொள்கிறான், வங்கியில் கணக்குத் தொடங்குகிறான், சேமிக்கிறான். எல்லாம் சரி. ஆனால் அவனை மேலே தூக்கிவிடுவது இவற்றில் எதுவும் இல்லை. புரூக்ளினுக்குப் போகும் படகிலிருந்து ஒரு சின்னப் பையன் தண்ணீரில் விழுகிறான். டிக் குதித்துக் காப்பாற்றுகிறான். பையனின் தந்தை பணக்கார வணிகர். வாரம் 10 டாலரில் எழுத்தர் வேலை கொடுக்கிறார். குழந்தை விழாமல் இருந்திருந்தால் டிக் பாலிஷ் டப்பாவோடுதான் இருந்திருப்பான். கனவை நம்பி எழுதிய ஆசிரியருக்குக்கூட, சேமிப்பை மட்டும் வைத்துக் கதையை முடிக்க முடியவில்லை.

முதல் வகைக்கு அப்டன் சிங்கிளேரின் 'தி ஜங்கிள்' (1906) போதும். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களைத் தேடி லிதுவேனியாவிலிருந்து வரும் யூர்கிஸ் குடும்பம் வீடு வாங்குகிறது. விலை 1,500 டாலர். முன்பணம் 300. மீதி 1,200ஐ மாதம் 12 டாலராகக் கட்ட வேண்டும். 100 மாதத்தில் வீடு சொந்தம். சம்பளக்காரர்களின் எண்ணிக்கையை வைத்துக் கூட்டிப் பார்த்தால் சமாளிக்கலாம் என்று தெரிகிறது. பத்திரத்தில் 'வாடகை' என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் பயந்து வழக்கறிஞரிடம் காட்டுகிறார்கள். வழக்கமான வாசகம்தான் என்கிறார் அவர். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொல்லும்போதுதான் விஷயம் புரிகிறது: பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி உண்டு. 1,200க்கு 7 சதவீதம் என்றால் 84 டாலர். மாதம் 7 டாலர். 12 என்று நினைத்தது தொடக்கத்திலேயே 19 ஆகிறது. ஒரு மாதம் தவறினால் கட்டியது அத்தனையும் போய்விடும். புது வீடு என்று விற்றது 15 ஆண்டுப் பழையது, வண்ணம் பூசியது. கட்டியபோது 500 டாலர்கூட ஆகவில்லை. இவர்களுக்கு முன் நான்கு குடும்பங்கள் அதே வீட்டை வாங்க முயன்று இழந்திருக்கின்றன.

அதாவது, வாங்குபவர் கட்ட முடியாமல் போவதுதான் அந்த நிறுவனத்தின் வருமானம். யூர்கிஸ் இதற்குச் சொல்லும் பதில் நாவல் முழுக்க ஒலிப்பது: இன்னும் கடுமையாக உழைக்கிறேன். வட்டி தெரிந்ததும் அவன் மணக்கவிருக்கும் ஓனா வேலைக்குப் போகிறாள். வயதைக் கூட்டிச் சான்றிதழ் வாங்கிச் சிறுவன் ஒருவனையும் அனுப்புகிறார்கள். பின்னால் யூர்கிஸ் சிறையிலிருந்து திரும்பும்போது வீட்டுக்கு வேறு வண்ணம் அடித்திருக்கிறது, உள்ளே வேறு குடும்பம் இருக்கிறது.

சிங்கிளேரின் துயரம் என்னவென்றால், வாசகர்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிக்கவில்லை. இறைச்சியில் என்ன கலக்கிறது என்பதைத்தான் படித்தார்கள். 1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் வந்தன. மக்களின் நெஞ்சைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே பின்னால் வருந்தினார்.

ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) இதே வகையில் சேரும். அதில் ஒரு துண்டுப்பிரசுரத்தின் கணக்கு வருகிறது. முதலாளிக்குத் தேவை 800 ஆட்கள். 5,000 தாள் அச்சடிக்கிறார். 20,000 பேர் பார்க்கிறார்கள். 2,000, 3,000 பேர் கிளம்பி வந்துவிடுகிறார்கள். 800 வேலைக்கு 3,000 பேர் நின்றால் கூலி தானாக இறங்கும். ஓக்லஹோமாவிலிருந்து 66ஆம் நெடுஞ்சாலையில் போகும் ஜோட் குடும்பத்துக்கு இதை விளக்குபவர், தன் பிள்ளைகளைப் பசிக்குப் பறிகொடுத்துத் திரும்பிக்கொண்டிருப்பவர். ஜோடுகளின் தாய்க்கோ ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் சின்ன வெள்ளை வீடு வேண்டும். 25ஆம் அத்தியாயத்தில் அந்த ஆரஞ்சுகள் வருகின்றன. வண்டி வண்டியாகக் கொட்டி, யாரும் எடுத்துவிடாதபடி மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள். சும்மா கிடைத்தால் டஜன் 20 சென்ட் கொடுத்து யார் வாங்குவார்கள்? நாவலில் காரணம் அந்த ஒரு கேள்வியாகவே சொல்லப்படுகிறது. கனவும் அதை மறுக்கும் கணக்கும் ஒரே பழத்தில் இருக்கின்றன.

ஆரஞ்சு என்றதும் கேட்ஸ்பியின் சமையலறை நினைவுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நியூயார்க் பழக்கடையிலிருந்து ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் அவன் மாளிகைக்கு வருகின்றன. அரை மணி நேரத்தில் 200 ஆரஞ்சைப் பிழியும் இயந்திரம் இருக்கிறது. அதற்குப் பணியாள் கட்டைவிரலால் சின்னப் பொத்தானை 200 முறை அழுத்த வேண்டும். திங்கட்கிழமை அதே பழங்கள், சதையில்லாத பாதித் தோல்களாக, பின்வாசலில் கோபுரமாகக் குவிந்து வெளியேறுகின்றன. விருந்துகளைப் பற்றி ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய எத்தனையோ அழகான வரிகளைவிட, அந்த 200 அழுத்தல்தான் கனத்த வரி. கனவு நடக்க யாரோ ஒருவரின் கட்டைவிரல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

கேட்ஸ்பி விஷயத்தில் பணக்கணக்கு நேராகிவிட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பணம் கிடைக்காத ஏழையின் கதைபோல இதைப் படிக்கிறார்கள். 1919இல் போரிலிருந்து திரும்பியபோது அவனுக்கு மாற்று உடை இல்லை, ராணுவச் சீருடையிலேயே திரிந்தான். அரை மணி நேரத்தில் 4 டாலருக்கு மேல் சாப்பிட்டான் என்கிறார் அவனுக்கு வாழ்வு தந்த சூதாட்டக்காரர் வுல்ஃப்ஷீம். 1922 கோடையில் அவனுக்கு லாங் ஐலண்டில் மாளிகை. அந்த வீட்டை வாங்கும் பணத்தைச் சம்பாதிக்க மூன்றே ஆண்டு பிடித்தது என்று வாய்தவறிச் சொல்கிறான். பரம்பரைச் சொத்து என்றல்லவா சொன்னாய் என்று கதைசொல்லி நிக் கேட்கிறான். மூன்று ஆண்டு என்ற எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் மது விற்கலாம். வுல்ஃப்ஷீமும் கேட்ஸ்பியும் மருந்துக்கடைகளை வாங்கிப்போட்டுச் சாராயம் விற்றதாக, கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சியின் கணவன் டாம் பின்னால் அம்பலப்படுத்துகிறான். நேர்மையாக உழைப்பவனும் நாவலில் இருக்கிறான்: சாம்பல் மேட்டுக்கு நடுவில் கார் பழுதுபார்க்கும் ஜார்ஜ் வில்சன். மேற்கே போய்ப் பிழைக்கலாம் என்ற அவன் ஆசைக்கு, டாம் தன் பழைய காரை விற்றுக்கொடுத்தால்தான் வழி பிறக்கும்.

ஆக, பணம் வந்துவிட்டது. பிறகு எது தடுக்கிறது? நிக் தங்கியிருக்கும் சின்ன வீட்டுக்கு மாத வாடகை 80 டாலர். இருபுறமும் பருவத்துக்கு 12,000, 15,000 டாலர் வாடகை போகும் மாளிகைகள். இவை எல்லாம் வெஸ்ட் எக், புதுப்பணக்காரர்களின் கரை. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் எக். அங்கே டெய்சியும் டாமும். அவர்கள் பணம் எப்போது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. திருமணத்துக்கு முதல் நாள் டாம் டெய்சிக்குக் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். அதைவிட விலையுள்ள மாலையைக்கூட கேட்ஸ்பி வாங்கலாம். அந்த முதல் நாளைத்தான் வாங்க முடியாது.

இதை ஃபிட்ஸ்ஜெரால்ட் சின்னச் சின்ன நடத்தைகளில் காட்டுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் குதிரையில் வரும் மூவரில் ஒரு பெண், பேச்சுக்கு, விருந்துக்கு வாருங்களேன் என்கிறாள். கேட்ஸ்பி அதை நிஜ அழைப்பு என்று எடுத்துக்கொண்டு கோட்டு எடுக்க உள்ளே போகிறான். அவர்கள் போய்விடுகிறார்கள். அவள் விரும்பிக் கூப்பிடவில்லை என்பதுகூட இவனுக்குத் தெரியாதா என்கிறான் டாம். பேச்சுக்குச் சொல்வது எது, மெய்யாகச் சொல்வது எது என்று பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. நூலகத்தில் இருக்கும் புத்தகங்கள் நிஜமானவைதாம், ஆனால் பக்கங்கள் பிரிக்கப்படவில்லை. பிளாசா ஹோட்டலுக்குப் போகும் வழியில் டாம் அவனுக்கு எதிராக எடுக்கும் ஆயுதம் மது வியாபாரம் இல்லை, இளஞ்சிவப்பு உடை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் இந்த நிறத்தில் உடுத்துவானா?

டெய்சி வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேர்வில் கேட்கும் கேள்வி அதுதான். முதல் அத்தியாய முடிவில் கேட்ஸ்பி இருட்டில் கைகளை நீட்டி நிற்கும் காட்சிக்கு நம் குறுந்தொகையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. 60ஆம் பாடலில் பரணர் காட்டும் முடவன், மலைமேல் தேனடையைப் பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்தபடி உள்ளங்கையைக் குடையாகக் குவித்து, அதைச் சுட்டிச் சுட்டி நக்குகிறான். எட்டாவிட்டாலும் பார்ப்பதே இனிது என்று முடிகிறது அந்தப் பாட்டு. கேட்ஸ்பிக்கும் அவ்வளவு காலமும் அது இனித்தது. டெய்சி பக்கத்தில் வந்து நின்றதும் அந்த விளக்கு வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது. அவனுடைய மந்திரப் பொருள்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்று எழுதுகிறார் ஃபிட்ஸ்ஜெரால்ட். எண்ணிக்கை என்ற சொல்லையே போடுகிறார். தேன் உள்ளங்கையில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பரணர் எழுதவில்லை, இவர் எழுதிவிட்டார்.

பிளாசாவில் டெய்சி கொடுக்கத் தயாராக இருந்த தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா என்கிறாள். போதாது. டாமை நான் ஒருபோதும் காதலித்ததே இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகள் நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும். அவளுடைய மூன்று வயதுப் பெண்குழந்தையைப் பார்க்கும்போது கேட்ஸ்பி வியந்து போகிறான். அப்படியொரு குழந்தை இருப்பதை அவன் அதுவரை மெய்யாக நம்பவே இல்லை. ஜார்ஜ் 10 ஏக்கரைக் கீழே வைத்ததுபோல, இவன் டெய்சியின் 'இப்போது'வைக் கீழே வைக்கிறான்.

இறுதியில் அவன் தந்தை கொண்டுவரும் பழைய கௌபாய்க் கதைப் புத்தகத்தின் கடைசித் தாளில், கேட்ஸ்பி சிறுவன் ஜிம்மியாக இருந்தபோது எழுதிய கால அட்டவணை இருக்கிறது. 6.00 மணிக்கு எழுதல், 6.15க்கு உடற்பயிற்சி, 7.15க்கு மின்சாரம் பற்றிய படிப்பு, மாலை 5.00 முதல் 6.00 வரை பேச்சுப் பயிற்சி, இரவு 7.00 முதல் 9.00 வரை தேவையான கண்டுபிடிப்புகள். வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்து, 3 என்று திருத்தியிருக்கிறான். அந்த அடித்தல் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் கொடுத்த அட்டவணையின் குழந்தை இது. ஆனால் ஃபிராங்க்ளினுடையதில் காலையில் ஒரு கேள்வி உண்டு: இன்று என்ன நன்மை செய்வேன்? ஜிம்மி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான், அந்தக் கேள்வியை மட்டும் எடுக்கவில்லை. (அட்டவணையின் தேதி 1906 செப்டம்பர் 12. அது எழுதப்பட்ட 'ஹாப்பலாங் கேஸிடி' நூல் வெளிவந்ததோ 1910இல். ஃபிட்ஸ்ஜெரால்டின் கவனப்பிசகு.)

'கேட்ஸ்பி'யின் முதல் பதிப்பு 20,870 படிகள். அதே ஆண்டில் இன்னும் 3,000 படிகள் அச்சாயின. 1940 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தபோது அந்த 3,000இல் விற்காதவை கிடங்கில் இருந்தன. 1945இல் அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1,55,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். மறுவாழ்வில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நூலுக்குக் காப்புரிமை இல்லை, ஆகவே இணையத்தில் முழுதாகப் படிக்கலாம்.

படிப்பவர்களுக்கு ஒரு செய்முறை சொல்லலாம். புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதலாவதில், கனவின் விலையாக ஆசிரியர் எழுதும் தொகை. இரண்டாவதில், பாத்திரத்தின் கையிலிருப்பது. மூன்றாவதில், அந்தத் தொகையைச் சொல்வது யார். மூன்றாவது கட்டத்தை விடாதீர்கள். அதை விட்டால் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' கைநழுவிவிடும், ஏனென்றால் அதில் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் வில்லி லோமன் சொல்லும் எண்கள் வாயிலிருக்கும்போதே மாறுகின்றன.

1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் தொடங்கி 742 முறை நடந்த நாடகம். பழைய நினைவுக் காட்சி ஒன்றில் வில்லி பயணம் முடிந்து வருகிறார். பிராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 விற்றேன் என்கிறார். மனைவி லிண்டா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டு, உங்கள் கமிஷன் 212 டாலர் என்று பூரிக்கிறாள். உடனே வில்லி இறங்குகிறார்: பிராவிடன்ஸில் 180தான்... இல்லை, மொத்தப் பயணத்துக்கும் ஏறக்குறைய 200. லிண்டா மறுபடி கணக்குப் போடுகிறாள். 70 டாலரும் சில்லறையும்; ரொம்ப நல்லது என்கிறாள். பிறகு கடன் பட்டியல்: குளிர்பெட்டிக்கு 16, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 9.60, தூசுறிஞ்சிக்கு 3.50, கூரைக்கு இன்னும் 21, கார் பழுதுக்கு 3.50. சில்லறைச் செலவுகளும் சேர்ந்து 15ஆம் தேதிக்குள் சுமார் 120. வரவு 70, செலவு 120. இந்தக் காட்சியை மேடையில் வேகமாகத் தள்ளிவிடும் இயக்குநர்கள் நாடகத்தையே தள்ளிவிடுகிறார்கள்.

கூர்ந்து பார்த்தால் லிண்டாவின் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. 1,200க்கு 212 என்றால் 18 சதவீதத்துக்கும் குறைவு. அதே விகிதத்தில் 200க்கு 35 டாலர்தான் வரும், 70 வராது. மில்லர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். லிண்டா, கணவரின் முகத்தைப் பார்த்துக் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. நாடகம் முழுக்க அவள் செய்வது அதைத்தான்.

கடைசி நாளில் எண்கள் நெருக்கி வருகின்றன. காப்பீட்டுத் தவணை 108.68 டாலர், தவணை நாள் தாண்டி, சலுகைக் காலம் ஓடுகிறது. 200 டாலர் கிடைத்தால் சமாளிக்கலாம், 25 ஆண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணையும் அதிலேயே அடங்கும் என்கிறாள் லிண்டா. வில்லி இளம் முதலாளி ஹோவர்டிடம் போகிறார். ஊர் ஊராக அலைய முடியவில்லை, உள்ளூரில் வேலை கொடு, வாரம் 65 போதும். பிறகு 50. பிறகு 40. ஹோவர்டு மறுத்து, வேலையிலிருந்தும் நிறுத்திவிடுகிறான். ஆரஞ்சைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதுபோல மனிதனை எறிய முடியாது என்று வில்லி கத்துவது அந்த அறையில்தான். கேட்ஸ்பியின் பின்வாசலில் குவிந்த தோல்களுக்கு 24 ஆண்டுகள் கழித்துக் குரல் வந்ததுபோல இருக்கும் அதைப் படிக்கும்போது.

அங்கிருந்து வில்லி நேராகப் போவது பக்கத்து வீட்டு நண்பர் சார்லியின் அலுவலகத்துக்கு. சார்லி வேலை தருகிறேன் என்கிறார். வாரம் 50 டாலர், பயணம் கிடையாது. சற்று முன் ஹோவர்டிடம் கெஞ்சிய 40ஐவிட 10 அதிகம், கேட்ட உள்ளூர் வேலையும் இதுவே. கணக்கு நேராகிவிட்டது. வீட்டுக்கடன் முடிகிறது, காப்பீடு கட்டலாம், அலைச்சல் இல்லை. வில்லி மறுக்கிறார். உன்னிடம் வேலை பார்க்க என்னால் முடியாது என்கிறார், காரணம் சொல்வதில்லை. காப்பீட்டுக்கு 110 டாலர் கடன் மட்டும் வாங்கிக்கொள்கிறார். அவர் மனதில் இருப்பது டேவ் சிங்கிள்மேன் என்ற 84 வயது விற்பனையாளர். 31 மாநிலங்களில் சரக்கு விற்றவர், ஹோட்டல் அறையில் பச்சை வெல்வெட் செருப்பைப் போட்டுக்கொண்டு தொலைபேசியிலேயே வியாபாரத்தை முடிப்பவர், எல்லா ஊரிலும் எல்லோருக்கும் பிடித்தவர். சார்லியின் 50 டாலரில் அந்தச் செருப்பு இல்லை. ஹோவர்டின் 40இல் அது இருப்பதாக வில்லிக்கு இன்னும் தோன்றியது. அன்று இரவு 20,000 டாலர் காப்பீட்டுத் தொகையை நினைத்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போகிறார்.

கல்லறைக் காட்சியில் லிண்டாவுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, 35 ஆண்டுகளில் முதல்முறையாகக் கடன் இல்லாமல் ஆகப்போகிற நேரம்; அவருக்குச் சின்னதாக ஒரு சம்பளம்தான் தேவைப்பட்டது, பல் மருத்துவருக்குக் கொடுக்க வேண்டியதுகூட முடிந்துவிட்டது என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்னச் சம்பளம் மட்டுமே தேவைப்படுகிற மனிதர் யாரும் இல்லை என்கிறார் சார்லி, வாரம் 50 தருவதாகச் சொன்னவர்.